நாற்பதாவது குச்சி

அமிர்தநாயகம் சம்மாட்டி வீட்டுக்குள் வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டினார். அவர் சாரத்தை மடித்துக் கட்டினால் ஒன்றில் வலை இழுக்கப் போகிறார், இல்லாவிட்டால் யாருக்கோ ஏச்சு விழப் போகிறது. வலை விடியவே இழுத்தாயிற்று.

"குற்றி எங்கையடி?"

டினோஜா தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு முன்னால் எட்டடிப் பலகை ஒன்றின்மேல் அவர்களுடைய கரை முழுதும் கிடந்தது. ஈர்க்கில் பின்னிய கூடைகள், பேனைக் குழாயில் வெட்டிய நீலக் கலன்கள், றெஜிபோம் நுரைத் துண்டில் செதுக்கிய ஐஸ் பெட்டி. பற்பசைக் குழாயின் தகட்டைச் சீப்பின்மேல் வைத்து அழுத்தி வலைக்காரர் தங்கும் வாடிக்குக் கூரைத் தகரம் போட்டிருந்தாள். காயத்துக்குக் கட்டும் துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு வலை செய்து, அதன் ஓரத்தில் கடுகுகளை ஒட்டி மிதப்பு வைத்திருந்தாள். கடற்கரை மண்ணை அப்படியே போட்டால் ஒவ்வொரு பருக்கையும் கல்லுப் போலத் தெரியும் என்று அம்மாவின் பழைய சேலையில் அரித்துத்தான் பரப்பியிருந்தாள்.

எல்லாம் திருவிழாவுக்கு. பங்கு மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்காட்சி. இளைஞர் ஒன்றியத் தலைவன் றெனால்ட் வந்து படலையடியில் நின்றுதான் கேட்டான். "போன நத்தாருக்குப் பாலன் குடில்ல நீர் செய்து வைச்ச சின்ன வாளியைப் பாத்திட்டுப் பாதர் கேட்டவர், இது ஆர் செய்தது எண்டு. எங்கட கரையை அப்பிடியே செய்து தாருமன்."

பத்தாம் வகுப்பில் மேடையில் ஏற்றிப் பேசச் சொன்ன நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் டினோஜா. அதற்குப் பிறகு இந்த ஐந்து வருடத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் அளந்துதான் செய்வன். பிறகு ஒருத்தரும் மாத்தச் சொல்லக் கூடாது."

"ஆர் மாத்தச் சொல்லப் போறது?" என்று றெனால்ட் சிரித்தான். அவன் நாவற்குழியில் படித்து வளர்ந்தவன். இந்தக் கரையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்.

சொந்த வலையும் ஆட்களும் வைத்துக் கரைவலை இழுக்கிற ஒவ்வொரு சம்மாட்டிக்கும் கரையில் ஒரு பாடு உண்டு. அவருடைய பாட்டுக்குள் மற்றவர் வலை வைக்க முடியாது. அமிர்தநாயகத்தின் பாடு அவருக்குச் சீதனமாக வந்தது. மாமனார் சந்தியோகுச் சம்மாட்டி தன் பாட்டை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பக்கத்தை மகள் திரேசம்மாவுக்கும் கிழக்குப் பக்கத்தை மகன் கிறிஸ்ரிக்கும் கொடுத்தார். சீதன எழுத்தில் இருந்தது ஒரே ஒரு வரி: சிலுவைக்கல்லில் இருந்து கிழக்கே நாற்பது பாகம்.

இரண்டு கைகளையும் அகல விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். கடற்கரையில் கயிறும் வலையும் ஆழமும் இன்றைக்கும் அப்படித்தான் அளக்கப்படுகின்றன. சந்தியோகுச் சம்மாட்டி தன் கையாலேயே அளந்து, நாற்பதாவது பாகத்தில் எல்லைக்கு ஒரு பனங்குற்றியை நட்டுவிட்டுப் போனார். அவர் செத்து, பிறகு வந்த புயலில் குற்றியும் போய், கரையும் ஒரு பக்கம் அரிபட்டு மறுபக்கம் மேடாகியது. அன்றைக்குத் தொடங்கியது சண்டை. அமிர்தநாயகம் ஆறடிக்கு மேல். தன் கையால் அளந்தார். எல்லை கிழக்கே போய் விழுந்தது. கிறிஸ்ரி கட்டையன். தன் கையால் அளந்தார். எல்லை மேற்கே வந்து நின்றது. இடையில் ஆறு பாகம். கடலடிக் கல்லுப் பாரில் சிக்கிக் கிழியாமல் வலை வழுக்கி வருகிற இடம் அந்த ஆறு பாகத்துக்குள்தான் கிடந்தது. அரசாங்கக் கந்தோரில் ஒரு வரைபடம் இருக்கிறது என்று போய்ப் பார்த்தார்கள். அதில் கீறியிருந்த கோட்டின் தடிப்பே ஆறு பாகம் வரும்.

மைத்துனர்கள் இரண்டு பேரும் நாலு வருடமாக ஒருவர் வீட்டுச் செத்தவீட்டுக்கு மற்றவர் போவதில்லை.

"உன்னைத்தான் கேக்கிறன். குற்றி எங்க?"

டினோஜா சிரட்டைக்குள் இருந்து ஒரு சின்னக் குற்றியை எடுத்து, பலகையில் ஏற்கெனவே துளைத்திருந்த ஓட்டைக்குள் இறக்கினாள். விரல் நகம் அளவு. கறுத்து, நார் நாராக, தலைப் பக்கம் உப்பில் அரித்த மாதிரி.

அமிர்தநாயகம் குனிந்து பார்த்தார். கையில் எடுத்தார். மூக்கில் வைத்து மணந்தார். அவருடைய முகம் மாறியது.

"இது எங்கட குற்றியின்ர மரமெல்லே. எங்க எடுத்தனி?"

"நாப்பதில."

அது உண்மை. போன மாதம் மண் அள்ளப் போனவளுக்கு, மேட்டுக்குக் கீழே சிரட்டையால் தோண்டும்போது முழங்கை ஆழத்தில் எதுவோ தட்டுப்பட்டது. முறிந்த பனங்குற்றியின் அடி. ஆணியால் நெம்பி ஒரு துண்டை எடுத்தாள், மண்ணை மூடினாள், சிலுவைக்கல்லில் இருந்து அந்த இடம்வரை கயிறு பிடித்தாள். வீட்டுக்கு வந்து கயிற்றை இரண்டாக மடித்தாள், நாலாக்கினாள், எட்டாக்கினாள், எட்டை ஐந்தாக்கினாள். கையில் ஒரு துண்டு நீளம் நின்றது. கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் விரிந்த கைகளுக்குக் குறுக்கே அதைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிக்கு விரல் நுனி அப்படியே பொருந்தியது. திரேசம்மா தகப்பனை உரித்து வைத்த ஆள் என்று ஊரே சொல்லும்.

"என்னடி, சவப்பெட்டிக்கு அளக்கிறியோ?" என்று திரேசம்மா சீறினாள். டினோஜா அந்த நீளத்துக்கு ஒரு தீக்குச்சி என்று கணக்கு வைத்துக்கொண்டாள். பாகம் ஒன்றுக்குக் குச்சி ஒன்று, பலகையின் ஓரத்தில் வரிசையாக ஒட்டினாள். பலகையில் இருந்த கலன், கூடை, வாடி, வள்ளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் செய்யப்பட்டவை.

"நாப்பதில எண்டுதானே நானும் சொல்லுறன்" என்றார் அமிர்தநாயகம். "அப்ப ஏன் என்ர ட்ரக்டர் குற்றிக்கு அங்கால நிக்குது?"

"அது அங்காலதானே நிக்கிறது."

வலை இழுக்கிற ட்ரக்டர். அதற்கு மட்டும் அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. சில்லுகள் அப்பாவின் பழைய செருப்பில் வெட்டியவை. வெட்டுகள்கூட உண்மையான டயரின் வெட்டுகள்போல எண்ணிப் போட்டவை. அது நாற்பத்திரண்டாவது குச்சியில் நின்றது. இப்படிக் குற்றியோடு சேர்த்துப் பார்த்தால் அமிர்தநாயகம் மச்சானுடைய பாட்டுக்குள் ட்ரக்டரை விட்டிருக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அமிர்தநாயகம் பெருவிரலை ட்ரக்டரின்மேல் வைத்தார். அவசரப்படாமல், மூட்டைப் பூச்சியை நசுக்குவதுபோல நசுக்கினார். அச்சு முறிகிற சத்தம் கேட்டது.

"இப்ப நிக்கேல்லை" என்றார். "நாளைக்கு மண்டபத்துக்குப் போகேக்க குற்றி கிழக்கால மூண்டு குச்சி தள்ளி நிக்கோணும். இல்லையெண்டால் பலகை அடுப்புக்க போகும். விளங்குதோ?"

குசினியில் இருந்து திரேசம்மா குரல் கொடுத்தாள். "அவளுக்கு விளங்கினால் ஏன் பள்ளிக்கூடத்தால நிண்டவள்? படிக்கச் சொன்னால் தீக்குச்சியோட குடித்தனம் நடத்துறாள்."

"நீ உன்ர கொண்ணன்ர பக்கமோ என்ர பக்கமோ?" என்று அமிர்தநாயகம் அந்தப் பக்கம் பாய்ந்தார்.

"எனக்கு அவனும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். மீன் வெட்ட ஆளில்லை, அதைப் பாருங்கோ."

பின்னேரம் முழுக்க டினோஜா ட்ரக்டரைத் திரும்பச் செய்தாள். முறிந்த அச்சுக்குப் பதிலாக ஊசித் துண்டு வைத்தாள். மட்காட் நெளிந்தபடி இருந்தது, அதை அவள் நிமிர்த்தவில்லை. உண்மையான ட்ரக்டருக்கும் மட்காட் நெளிந்துதானே இருக்கிறது. பிறகு நாற்பத்துமூன்றாவது குச்சியில் இன்னொரு ஓட்டை துளைத்தாள். குற்றியைப் பசை போடாமல் அதில் நிறுத்தினாள்.

காலையில் அமிர்தநாயகம் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வாயால் திருப்தி என்று ஒரு சொல் வந்ததாக அந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

மண்டபத்தில் பலகையை மேசைமேல் இறக்கிவிட்டுத் தூக்கி வந்தவர்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். டினோஜாவுக்குக் கிடைத்தது அந்த இரண்டு நிமிடம்தான். குற்றியைப் பிடுங்கினாள். நாற்பதில் வைத்தாள், இந்த முறை பசை போட்டு. நாற்பத்துமூன்றாவது ஓட்டையை மெழுகால் அடைத்து, மேலே மண்ணைத் தூவினாள். பயம் அவளுக்கு இருந்தது. ஆனால் பிழையான இடத்தில் குற்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. வேறு எதையும் மாற்றச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பாளோ என்னவோ. எல்லா அளவும் அந்தக் குற்றியில் இருந்துதான் பிறந்தது. அதை அசைத்தால் ஒவ்வொரு கலனும் ஒவ்வொரு கூடையும் பொய்.

முதலில் வந்தவர் கிறிஸ்ரி மாமா. பூசைக்கு உடுத்த வெள்ளைச் சேட்டோடு, பின்னால் அவருடைய வலைக்காரர் நாலு பேர்.

"ஆ, சம்மாட்டியின்ர மகள் வாய் திறக்காளெண்டு சொன்னாங்கள். கை திறந்திருக்குது" என்றார். மேசையைச் சுற்றி நடந்தார். கலனைப் பார்த்தார், ஐஸ் பெட்டியின்மேல் குந்தியிருந்த காகத்தைப் பார்த்தார். தன்னுடைய வாடியை அடையாளம் கண்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, குற்றியைக் கண்டதும் அப்படியே வற்றிப் போனது.

"என்ர வாடி ஏன் குற்றிக்கு மேற்கால நிக்குது?"

டினோஜா தன் கால் பெருவிரலைப் பார்த்தாள்.

"கேக்கிறன் பிள்ளை. என்ர வாடியைக் கொண்டுபோய் உன்ர கொப்பற்ற பாட்டுக்க வைச்சிருக்கிறாய். நான் களவா குடியிருக்கிறன் எண்டு ஊருக்குக் காட்டவோ? கொப்பர் சொல்லித் தந்தவரோ, இல்லை உன்ர சொந்த மூளையோ? அப்பிடி ஒண்டு இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

வலைக்காரர் சிரித்தார்கள்.

"மச்சான், என்ர பிள்ளையோட உமக்கென்ன கதை?" வாசலில் அமிர்தநாயகம். சாரம் அல்ல, இன்றைக்கு நீளக் காற்சட்டை. அதனால் மடித்துக் கட்ட முடியாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். மகளுக்காகப் பேச வந்தவர் மேசையைப் பார்த்தார். காலையில் எண்ணி வைத்த இடத்தில் குற்றி இல்லை.

மகளுக்காகப் பேசுவது அந்த இடத்திலேயே நின்றது.

"நான் உனக்கு என்ன சொன்னனான்?"

"பாத்தியோ பிள்ளை, இவருக்கும் பிடிக்கேல்லை" என்றார் கிறிஸ்ரி. "எவ்வளவு தூரம் இழுத்து வைக்கச் சொன்னவர்?"

"நாப்பது பாகம். எழுத்தில இருக்கிறது" என்றார் அமிர்தநாயகம்.

"எழுத்தில நாப்பதுதான். உம்மட கொக்குக் கையால இல்லை."

"பின்ன உம்மட நண்டுக் காலாலயோ?"

அமிர்தநாயகம் அந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இதுதான் பாகம், ஆம்பிளையின்ர பாகம் என்றார். கிறிஸ்ரியும் விடவில்லை. மேசைக்கு மறுபக்கம் நின்று அவரும் விரித்தார். தகப்பன் தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அளந்தவர், தனக்குத்தான் தெரியும் என்றார். தீவட்டி போல இரண்டு முகங்கள், நீட்டிய நாலு கைகள், நடுவில் தீக்குச்சி அளவில் ஒரு கடற்கரை. பூசை முடிந்து வந்த சனம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் யாரோ ஒரு மனுசி, "இன்னும் ஒருத்தர் வந்தால் மூண்டு சிலுவை, கல்வாரி முடிஞ்சுது" என்றாள். அதற்கு எழுந்த சிரிப்பில் இரண்டு பேரும் கைகளை இறக்கினார்கள்.

சிரிப்புத்தான் அவர்களை ஒன்றாக்கியது. நாலு வருடத்தில் முதல்தடவையாக அமிர்தநாயகமும் கிறிஸ்ரியும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"இந்தக் குற்றி இதில நிக்கக் கூடாது" என்றார் அமிர்தநாயகம்.

"நிக்கவே கூடாது" என்றார் கிறிஸ்ரி. "றெனால்ட், ஒண்டில் குற்றியை எடும், இல்லையெண்டால் பலகையை எடும். ரெண்டு சம்மாட்டியும் சொல்லுறம்."

றெனால்ட்டுக்கு வேர்த்துவிட்டது. டினோஜாவின் பக்கம் வந்து குரலைத் தணித்தான். "ஒரு சின்னக் குச்சி தானே. அதை மட்டும் எடுத்துவிடுமன். கரை அப்பிடியே இருக்கட்டும். பாதர் பின்னேரம் வந்து பாப்பார்."

"மாத்தச் சொல்லுறேல்லை எண்டு நீங்கள் சொன்னனீங்கள்."

"சொன்னனான். அப்ப இவை வருவினம் எண்டு எனக்குத் தெரியாதே."

டினோஜா குற்றியைப் பார்த்தாள். பிடுங்கினால் அடியில் பசையோடு மண்ணும் பெயர்ந்து வரும். அவ்வளவுதான். நாற்பதில் ஒரு ஓட்டை இருக்கும், அதையும் மூடச் சொல்வார்கள். பிறகு இது மன்னாரிலே இருக்கிற ஏதோ ஒரு கரை. கூடை அழகு, காகம் அழகு என்று பாதர் சொல்லிவிட்டுப் போவார்.

அவளுடைய குரல் வந்தபோது அது அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. மெதுவான குரல்தான். ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் வாசல்வரை கேட்டது.

"குற்றியின்ர அடி மண்ணுக்குக் கீழ கிடக்கு. நாப்பது பாகத்தில. நான் தொட்டனான். இந்தத் துண்டு அதில எடுத்தது. முதல் அதை எடுங்கோ. பிறகு நான் இதை எடுக்கிறன்."

கிறிஸ்ரி குனிந்து குற்றியை முதல்தடவையாகக் கிட்டப் பார்த்தார். பனை நாரைத் தெரியாத கரைக்காரன் இல்லை. அமிர்தநாயகம் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வீட்டில் என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். பிறகு இரண்டு மைத்துனர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் பார்வையை விலக்கினார்கள். அவருக்கு ஒரு வேலை ஞாபகம் வந்தது. இவருக்கும் ஒரு வேலை ஞாபகம் வந்தது.

அன்றைக்கு வீட்டில் அவளுக்குச் சோறு போடப்படவில்லை. "மண்டபத்தில போய்ச் சாப்பிடு, அங்கதானே உனக்கு வாய் வருது" என்றாள் திரேசம்மா. அமிர்தநாயகம் சாப்பாட்டுக்கே வரவில்லை.

ஞாயிறு காலை டினோஜா கரைக்குப் போனாள். சிலுவைக்கல்லில் இருந்து கயிறு பிடிக்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை; தூரத்திலேயே தெரிந்தது. கரையில் இரண்டு கிடங்குகள். இரண்டும் இடுப்பளவு ஆழம், இரண்டின் பக்கத்திலும் ஈர மண் குவியல். ஒன்று கிழக்கே, ஆறடி மனிதன் ஒருவன் தன் கையால் நாற்பது பாகம் அளந்தால் வந்து சேருகிற இடத்தில். மற்றது மேற்கே, கட்டையன் ஒருவன் அளந்தால் வருகிற இடத்தில். இரண்டுக்கும் நடுவில், நாற்பதில், ஒருவரும் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறியிருக்கவில்லை. ஒரு நாய் அதன்மேல் படுத்திருந்தது.

கிழக்குக் கிடங்கின் பக்கத்தில் மண்வெட்டி ஒன்று மறந்து கிடந்தது. பிடியில் நீலக் கயிறு சுற்றிய மண்வெட்டி. அது எந்த வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எடுத்துக்கொண்டு போனால் உடையவரைக் காப்பாற்றினாள் என்று ஆகும். எடுக்கவில்லை.

பூசை மணி அடிப்பதற்கு முதல் மண்டபத்துக்குப் போனாள். கரண்டிக் காம்பால் பலகையில் மண்ணைத் தோண்டினாள். முப்பத்தேழாவது குச்சியில் ஒரு கிடங்கு, நாற்பத்துமூன்றில் மெழுகைச் சுரண்டிவிட்டு ஒரு கிடங்கு. மண் குவியல்களுக்குத் தேயிலைச் சாயம் விட்டு ஈரம் காட்டினாள். தீக்குச்சியைச் சீவிப் பிடி செய்து, தகட்டில் அலகு வெட்டி, நீல நூல் சுற்றி ஒரு மண்வெட்டி. அதைக் கிழக்குக் கிடங்கின் ஓரத்தில் சாத்தினாள்.

பூசை முடிந்து சனம் வந்தது. நேற்று வந்தவர்கள் இன்றைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தவர்கள் மேசையைப் பார்த்துவிட்டு மற்றவர்களின் காதில் ஏதோ சொன்னார்கள். றெனால்ட் தலையில் கை வைத்தான்.

"இது நேற்று இல்லையே. ஆர் வெட்டின கிடங்கு?"

"எனக்குத் தெரியாது. காலமை கரையில கிடந்தது" என்றாள் டினோஜா.

கிறிஸ்ரி வந்து பார்த்தார். மேற்குக் கிடங்கு தன்னுடையது அல்ல என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டினார். குற்றியின்மேல் கை வைக்க நேற்று இருந்த துணிவு அவருக்கு இன்றைக்கு இல்லை. எடுத்தால், மண்ணுக்குள் எடுக்க முடியாததை இங்கே எடுக்கிறார் என்று ஆகிவிடும்.

அமிர்தநாயகம் கடைசியாக வந்தார். சனம் வழி விட்டது. அவர் மகளைப் பார்க்கவில்லை. மேசைமேல் குனிந்து கிழக்குக் கிடங்கையும் நீலக் கயிறு சுற்றிய மண்வெட்டியையும் நெடுநேரம் பார்த்தார். அந்தப் பலகையில் ஒரு பிழையாவது கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று அவர் கண் அலைந்தது. கடைசியில் கண்டுபிடித்தார்.

"பிழை" என்று உறுமினார். "பெரிசா அளக்கிறாளாம். என்ர கிடங்கில முழங்கால் அளவுக்குத் தண்ணி ஊறி நிண்டது. இதில எங்க தண்ணி?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கு விளங்கியது. கிறிஸ்ரி மேசையின் மறுபக்கத்தில் வாயைத் திறந்து மூடினார். சிரிக்கலாமா என்று சனத்துக்குத் தெரியவில்லை.

"ஓம் அப்பா" என்றாள் டினோஜா. பசைப் போத்தலின் மூடியைத் திறந்து, அவருடைய கிடங்குக்குள் ஒரு துளி விட்டாள். காய்ந்தால் அது தண்ணீர் மாதிரியே இருக்கும்.